இரண்டு நிமிடம் பேச வாருங்கள்: மேரிலாந்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், மாமா, அத்தை அனைவருக்கும்,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் வாளியோடு பந்தியில் சுற்றி வந்தவள். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்து சொல்லிக்கொடுப்பவள். ஊர் கோவில்பட்டிப் பக்கம். பால்டிமோரில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். 2025 ஜனவரி 8 முதல் ஏப்ரல் 7 வரை, மேரிலாந்து சட்டமன்றத்தின் தொண்ணூறு நாள் கூட்டத்தொடர் முழுவதும், மாநிலத் தலைநகர் அன்னாபொலிஸில் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் பயிற்சி மாணவியாக இருந்தேன். சுகாதாரம் தொடர்பான மசோதாக்களைப் படித்துச் சுருக்கம் எழுதுவதும், வரும் கடிதங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் கவனிப்பதும் என் வேலை.

பயிற்சி முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஓர் அழைப்பை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு பிற்பகல். எதிர்முனையில் பேசியவர் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். என் பெயரைச் சொன்னதும் ஒரு நொடி நிறுத்தி, "தமிழா அம்மா நீங்கள்?" என்று கேட்டார். பிறகு பேச்சு முழுக்கத் தமிழ். (அவரை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கிரீன் கார்டில் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரையும் உண்டு, இதயமும் பலவீனம். மருத்துவர் ஃபார்க்ஸிகா எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊரில் சாப்பிட்டதும் அதே டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைதான், பெயர் மட்டும் வேறு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர முடியாது. அறுபத்தைந்து வயதைத் தாண்டி இங்கே வருகிற நம் பெற்றோர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பிறகுதான் பணம் கட்டியாவது அதில் சேர முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டிலும் பெரும்பாலோருக்கு 1996ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் போட்ட அதே ஐந்தாண்டுத் தடை. ஆகவே மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையில் ஒரு திட்டம் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒவ்வோர் ஆண்டும் முதல் சில ஆயிரம் டாலர் கைக்காசு, அதற்குப் பிறகுதான் காப்பீடு. ஜனவரியில் மருந்துக் கடையில் பில்லைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னாராம்: "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறேன்."

"இதற்கு ஏதாவது சட்டம் வருகிறதா?" என்று கேட்டார் அந்த அண்ணன்.

வருகிறது என்றேன். மருந்து விலைக்கு உச்சவரம்பு வைக்கும் வாரியத்தின் அதிகாரத்தை விரிவாக்கும் மசோதா அவையில் இருக்கிறது, குழுக்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன, நீங்கள் என்னிடம் இப்போது சொன்னதை அப்படியே அங்கே வந்து சொல்லுங்கள், இரண்டு நிமிடம் போதும் என்றேன். வர முடியாவிட்டால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், எழுத நான் உதவுகிறேன் என்றும் சொன்னேன்.

நீண்ட அமைதி. பிறகு, "நமக்கு எதற்கு அம்மா வம்பு. பெயரெல்லாம் வெளியே வரும். மற்றவர்கள் பேசட்டும், சட்டம் வந்தால் எல்லோருக்கும்தானே வரும்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு பால்டிமோருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஒரு விஷயம் உறைத்தது. அப்பாவுக்கு கிரீன் கார்டு வாங்கித் தந்திருக்கிறார் என்றால், அவர் இந்த நாட்டுக் குடிமகன். குடியுரிமை பெற்றவர் மட்டும்தான் பெற்றோருக்கு மனுப்போட முடியும். வாக்குரிமை உள்ளவர், வரி கட்டுகிறவர், இந்த மண்ணில் இனி யாரும் அசைக்க முடியாத இடம் உள்ளவர். அவரே "நமக்கு எதற்கு வம்பு" என்றால், மாணவர் விசாவில் இருக்கும் நான் எங்கே போய் நிற்பது?

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், போகாதவர்களுக்காக. அமெரிக்காவில் இன்றும் சட்டமன்றமாக இயங்கிவரும் மாநில மாளிகைகளில் அதுதான் மிகப் பழையது. 1772இல் கட்டத் தொடங்கியது. தலைக்கு மேலே தெரியும் பெரிய மரக் குவிமாடம் ஆணி இல்லாமல் மர முளைகளால் பிணைக்கப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் தளபதிப் பொறுப்பைத் துறந்தது 1783 டிசம்பர் 23 அன்று அங்குள்ள பழைய செனட் அறையில்தான். இவ்வளவு பெருமை உள்ள இடத்துக்குள் நுழைவதே பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்து முதல் நாள் நடுங்கிக்கொண்டுதான் போனேன். பையைச் சோதித்தார்கள், அடையாள அட்டையைப் பார்த்தார்கள். யார் நீ, எந்த ஊர், யாரைத் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே 47 செனட்டர்கள், 141 பிரதிநிதிகள். ஆண்டில் தொண்ணூறு நாள் மட்டும் கூடும் அவை என்பதால் பலருக்கு வேறு தொழில் உண்டு. வழக்கறிஞர், செவிலியர், ஆசிரியர் என்று எல்லா வகையினரும் இருக்கிறார்கள். அந்தத் தொண்ணூறு நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள். எந்த மனிதராலும் அத்தனையையும் படிக்க முடியாது. ஒவ்வொரு மசோதாவோடும் சட்டமன்றத்தின் ஆய்வுத் துறை ஒரு நிதிக் குறிப்பு இணைக்கிறது: இது நிறைவேறினால் அரசுக்கு எவ்வளவு செலவு, யாருக்கு என்ன மாறும் என்று. மாநில பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்று பில்லியன் டாலர் துண்டு விழுந்திருந்த ஆண்டு அது. ஆகவே எல்லோரும் முதலில் புரட்டியது அந்தக் குறிப்பைத்தான்.

அதற்கு அடுத்தது என் தாள். ஒரு மசோதாவுக்கு ஒரு பக்கம். மேலே மசோதா என்ன சொல்கிறது, கீழே யார் ஆதரவு, யார் எதிர்ப்பு. எழுத்தில் வந்த கருத்துரைகள் நான்கு வகையாகப் பிரிந்து வரும்: ஆதரவு, திருத்தங்களுடன் ஆதரவு, எதிர்ப்பு, தகவல் மட்டும். அவற்றை எண்ணி, யாருடையது என்று குறித்து, முக்கியமான இரண்டு மூன்றைச் சுருக்கி எழுத வேண்டும். உறுப்பினர் அலுவலகத்திலிருந்து குழு அறைக்கு நடந்து போகும் நேரத்தில் அதைப் படிப்பார். அந்த நடை நாலைந்து நிமிடம்தான்.

இந்த எண்ணும் வேலையை முதலில் நான் பெரிதாக நினைக்கவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் புரிந்தது. மருத்துவமனைகளின் சங்கம் எழுதியிருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் எழுதியிருக்கும். மருந்து உற்பத்தியாளர்களின் சார்பில் நல்ல தாளில், அடிக்குறிப்புகளோடு எட்டுப் பக்கம் வந்திருக்கும். செவிலியர் சங்கம், முதியோர் அமைப்பு, தேவாலயங்கள், கறுப்பினத் தாய்மார் நலக் குழுக்கள் எல்லாம் இருக்கும். எல் சால்வடாரிலிருந்து வந்த ஒரு பெண் ஸ்பானிஷில் சொல்ல யாரோ ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கம் இருந்தது. கொரியர் அமைப்பின் கடிதம் ஒன்றும் பார்த்தேன். நான் கையாண்ட கோப்புகளில் நம் பெயர்களைத் தேடினேன். சுப்பிரமணியன், முருகன், செல்வி, ஃபாத்திமா, அந்தோணி, எதுவாவது. தமிழ்ப் பெயர் ஒன்று கிடைத்தது. அதுவும் ஒரு மருந்து நிறுவனத்தின் அலுவலராக, எதிர்ப்புப் பக்கத்தில். அவர் தம் வேலையைச் செய்தார், அதில் தவறில்லை. நம் வீட்டுக் கதையைச் சொல்ல மட்டும் யாரும் இல்லை.

பேசினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டவள்தான். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்கிய கருத்துக்கேட்பு. விரிகுடாப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கரையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். நண்டுச் சதை எடுக்கும் வேலை பார்த்து ஓய்ந்த கைகள், விரல் கணுக்கள் எல்லாம் வீங்கியிருந்தன. சாண்ட்விச் வைக்கும் கண்ணாடிப் பிளாஸ்டிக் பை ஒன்றில் தன் மருந்துக் குப்பிகள் எல்லாவற்றையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேச வேண்டிய மசோதா பட்டியலில் பின்னால் இருந்தது. நான்கு மணி ஆனது, ஐந்து ஆனது. நிறுவனங்களுக்காகப் பேச வரும், கோட்டுப் போட்ட லாபிக்காரர்கள் போனில் அஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அது தினசரி வேலை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரைக்கு மேல் அவர் பெயரை அழைத்தார்கள். மேசை முன் அமர்ந்து பையை மைக்கின் பக்கத்தில் வைத்தார். பிளாஸ்டிக் சரசரத்த சத்தம் ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு குப்பியாக எடுத்து, இது இவ்வளவு, இது இவ்வளவு என்று விலை சொன்னார். நான்காவது குப்பியில் இரண்டு நிமிடம் முடிந்து, குழுத் தலைவர் மெதுவாக நிறுத்தச் சொன்னார். ஓர் உறுப்பினர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மாதம் எதை வாங்கவில்லை?" அந்த அம்மா பையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்துக் காட்டினார். அறையில் யாரும் பேசவில்லை.

அன்று வந்திருந்த எட்டுப் பக்கக் கடிதங்களில் ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. மூன்று வாரம் கழித்து, திருத்தங்கள் பற்றி உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசும்போது ஒருவர் சொன்னார்: "அந்தப் பை கொண்டுவந்த அம்மாவுக்கு இந்தத் திருத்தம் என்ன செய்யும், அதைச் சொல்லுங்கள்." கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா அந்நேரம் எழுபது மைல் தள்ளி ஏதோ ஒரு வீட்டில் இருந்திருப்பார். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

மேரிலாந்தில் இது புதிதல்ல. அலுவலகத்தில் இருந்த மூத்த உதவியாளர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் பாடமே டியாமான்ட் டிரைவர் என்ற சிறுவனைப் பற்றியது. பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியைச் சேர்ந்தவன், பன்னிரண்டு வயது. சொத்தைப் பல்லில் தொடங்கிய தொற்று மூளைக்குப் பரவி 2007 பிப்ரவரியில் இறந்துபோனான். பல்லைப் பிடுங்க ஆகியிருக்கக் கூடிய செலவு 80 டாலர். இரண்டு மூளை அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் மருத்துவமனை என்று கடைசியில் ஆனது இரண்டரை லட்சம் டாலர். குடும்பத்தின் மெடிகெய்டு இடையில் விட்டுப்போயிருந்தது. மெடிகெய்டு ஏற்கும் பல் மருத்துவர் கிடைப்பதும் அரிது. அந்தக் குழந்தையின் பெயர் அன்னாபொலிஸிலும் வாஷிங்டனிலும் மீண்டும் மீண்டும் ஒலித்ததால்தான் மேரிலாந்தின் குழந்தைகள் பல் நலத் திட்டம் அடியோடு மாற்றப்பட்டது. மெடிகெய்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பல் சிகிச்சை தரும் சட்டம் 2022இல் நிறைவேறி, 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. பதினைந்து ஆண்டு. ஒரு தாய் தன் வாழ்நாளின் மிகக் கொடிய விஷயத்தை வெளியே சொல்ல முன்வந்ததால் வந்தது அது.

நம்மிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நம் சூட்கேஸ்கள் இருக்கின்றன.

ஊரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் பாதி முறுக்கு, மசாலாப் பொடி, மீதி மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஆறு பொட்டலம், ரப்பர் பேண்டு போட்டு, மேலே அம்மாவின் கையெழுத்தில் "காலை", "இரவு" என்று எழுதி. இதைப் பார்க்காத தமிழ் வீடு மேரிலாந்தில் இருக்காது. ஏன் சுமக்கிறோம்? ஜார்டியன்ஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் முப்பது நாளுக்கு அதன் பட்டியல் விலை இங்கே 573 டாலர், ஃபார்க்ஸிகா 556 டாலர். மெடிகேர் பேரம் பேசி 2026 முதல் அவற்றை முறையே 197 டாலராகவும் 178 டாலர் 50 சென்ட்டாகவும் குறைத்திருக்கிறது. ஆனால் அது மெடிகேரில் இருப்பவர்களுக்கு மட்டும். இந்தியாவில் ஜார்டியன்ஸின் மூலப்பொருளான எம்பாகிளிஃப்ளோசினுக்குக் காப்புரிமை முடிந்தது 2025 மார்ச்சில், நான் அன்னாபொலிஸில் இருந்த அதே வாரங்களில். சுமார் அறுபது ரூபாய் விற்ற மாத்திரை பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. கோவில்பட்டியில் மருந்துக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா போனில் இதைச் சொல்லும்போது, நான் மடிக்கணினியில் இங்குள்ள விலைப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு மாத மாத்திரைக்கு அங்கே முந்நூறு ரூபாய். இங்கே 2023 பட்டியல்படியே ஐந்நூற்றுச் சொச்சம் டாலர்.

மேரிலாந்தின் மருந்து விலை வாரியம் 2019இல் அமைந்தது. நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் வாரியம் அதுதான். அதற்கு நிதி தரும் மசோதாவை அப்போதைய ஆளுநர் லாரி ஹோகன் 2020இல் தடுத்தார். அடுத்த ஆண்டு சட்டமன்றம் அந்தத் தடையை மீறி நிறைவேற்றியது. விலை ஆய்வுக்கென்று அந்த வாரியம் 2024இல் தேர்ந்தெடுத்த ஆறு மருந்துகளில் ஃபார்க்ஸிகா, ஜார்டியன்ஸ், ஓசெம்பிக், ட்ருலிசிட்டி என்ற நான்கு சர்க்கரை நோய் மருந்துகளும் உண்டு. நம் குளிர்பெட்டியிலும் நம் அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவிலும் இருப்பவை அவை. தொடக்கத்தில் மாநில, உள்ளாட்சி அரசுகள் வாங்கும் மருந்துக்கு மட்டும்தான் வாரியம் உச்சவரம்பு வைக்க முடியும். அந்த அதிகாரத்தைப் படிப்படியாக எல்லா மக்களுக்கும் விரிக்கும் சட்டம்தான் 2025 கூட்டத்தொடரில் நிறைவேறியது. ஆம், அந்த அண்ணன் வராமலேயே நிறைவேறியது. ஆனால் சட்டம் வந்துவிட்டது என்பதால் நாளையே விலை குறையாது. எந்த மருந்து, எவ்வளவு வரம்பு, எப்போது என்பதையெல்லாம் இனி வாரியம் முடிவு செய்ய வேண்டும். அதன் கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கேயும் மருந்து நிறுவனங்களின் பிரதிநிதிகள் தவறாமல் வருவார்கள்.

உங்களில் பலர் ஐடி துறையில் இருக்கிறீர்கள். "எங்களுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது, மாநிலச் சட்டத்தால் எங்களுக்கு என்ன?" என்று விழாக்களில் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். பாதி சரிதான். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. காப்பீட்டு நிறுவனம் அட்டையில் பெயர் போட்டுக் கணக்கு மட்டும் பார்க்கும். 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி அத்தகைய திட்டங்கள் மாநிலக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படாது. முப்பது நாள் இன்சுலினுக்கு நோயாளி 30 டாலருக்கு மேல் கட்டத் தேவையில்லை என்று மேரிலாந்து 2022இல் சட்டம் போட்டது. உங்கள் அட்டைக்கு அது பொருந்துமா என்று எத்தனை பேர் கேட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் திட்டம் நிறுவனமே பணம் போட்டு நடத்துவதா, காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கியதா? பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபாதியையும் யோசியுங்கள். 2025இல் கூட்டாட்சி அரசு ஆட்குறைப்பு செய்தபோது நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் ஒரே மாதத்தில் வேலை போனது! வேலையோடு காப்பீடும் போகும். அப்போது போய் நிற்பது மாநிலச் சந்தையில்தான். நாம் எல்லோரும் ஐடியில் இருக்கிறோமா என்ன? கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர், உணவகத்தில் தோசைக்கல் முன் நிற்கிறவர், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் அக்கா, பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருக்கும் தம்பி, எல்லோரும் நம் பந்தியில் உட்காருகிறவர்கள்தான். அவர்களுக்குக் கம்பெனி அட்டை இல்லை.

இன்னொன்றும் உண்டு. சட்டமன்ற ஆவணங்களில் நாமெல்லாம் "ஆசியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் இருக்கிறோம். நம் உடலுக்குச் சர்க்கரை வரும் கணக்கு வேறு. உடல் நிறை குறியீடு (BMI) 25க்கு மேல் போனால் சோதிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு வைத்திருக்கும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், ஆசிய வம்சாவளியினருக்கு 23இலேயே சோதிக்கச் சொல்லி 2015இல் திருத்தியது. மெலிந்த உடம்போடு நாற்பது வயதில் சர்க்கரை வருவது நமக்கு வீட்டுக்கு வீடு நடப்பது. இதைக் குழு அறையில் யாராவது சொன்னால்தான் அடுத்த முறை ஏதாவது சோதனைக்குக் காப்பீடு கட்டாயம் என்று மசோதா எழுதுகிறவர் 23 என்ற எண்ணை யோசிப்பார். தானாக யோசிக்க அவருக்குக் காரணம் இல்லை.

இனி பயத்தைப் பற்றி. விசாவில் இருப்பவர்களிடம் நான் வற்புறுத்த மாட்டேன். கருத்துரை கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை, அந்த மேசையில் உட்கார யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் எழுதிக் கொடுப்பது பொது ஆவணமாகும், பேசுவது காணொளியாகப் பதிவாகும் என்பதும் உண்மை. 2025இல் எங்களைப் போன்ற மாணவர்கள் எதை எழுதுவது, எங்கே நிற்பது என்று யோசித்து யோசித்துத்தான் இருந்தோம். அந்தப் பயத்தை அறிந்தவள் நான். ஆகவே இதைக் கேட்பது உங்களிடம்: இருபது, முப்பது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, கடவுச்சீட்டு மாறி, பிள்ளைகளை இங்கே கல்லூரிக்கு அனுப்பியவர்களிடம். எங்களால் சொல்ல முடியாததையும் சேர்த்து நீங்கள் சொல்லுங்கள்.

என் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. முதியோர் உதவித்தொகை நின்றுபோனபோது யாரிடமோ மனு எழுதி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போனார். மூன்று திங்கள் தொடர்ந்து. வெயிலில் வரிசை, மனுவில் வியர்வை பட்டு மை கலைந்திருந்தது. மூன்றாம் முறை கலெக்டரிடமே நீட்டி, "ஐயா, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றாராம். பணம் வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஆச்சி, ஓர் அப்பத்தா இருந்திருப்பார். மனு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி முன்னால் நிற்பது நமக்குப் பழக்கம் இல்லாத விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கடல் கடந்து வந்தபோது எதையெல்லாமோ கட்டி எடுத்து வந்தோம். இதை மட்டும் ஏன் விட்டுவிட்டு வந்தோம்?

சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர்களை அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் பொன்னாடை வாங்கிக்கொண்டு போனவரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் நம்மைப் பார்க்கும்போது பட்டுப் புடவையையும் பரதநாட்டியத்தையும் பார்க்கிறார். மருந்துச் சீட்டைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் நாம் காட்டுவதில்லை. மேடையில் அவருக்கு ஐந்து நிமிடம் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதில் இரண்டு நிமிடத்தை எடுத்து, நம் பெரியவர் ஒருவரை அவர் முன்னால் பேச வையுங்கள்.

கூட்டத்தொடர் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், நம் பொங்கலை ஒட்டித் தொடங்குகிறது. செய்ய வேண்டியது அதிகமில்லை. சட்டமன்ற இணையதளத்தில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும். கருத்துக்கேட்புக்கு முன்பே, குறித்த கெடுவுக்குள் பெயர் பதிய வேண்டும். மறந்துவிட்டால் அந்த மசோதாவுக்கு வாய்ப்புப் போய்விடும், நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். நேரில் வர முடியாதவர்களைக் காணொளியில் பேசவும் பல குழுக்கள் அனுமதிக்கின்றன. பேசும்போது புள்ளிவிவரம் வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறார்கள். உங்கள் பெயர், ஊர், எந்த மாத்திரை, எத்தனை நாளுக்கு, எவ்வளவு, அதனால் வீட்டில் எது நின்றது. அவ்வளவுதான். ஊரிலிருந்து மருந்து கொண்டுவந்ததைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அதை விட்டுவிட்டு விலையை மட்டும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். கிழக்குக் கரையிலிருந்து வந்த அந்த அம்மாவும் பாதி வாக்கியத்தில் நின்று நின்றுதான் பேசினார்.

தமிழில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். நவம்பர் முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தமிழ்ப் பள்ளி முடிந்த பிறகு, பிள்ளைகள் கிளம்பியதும் அதே வகுப்பறையில் ஒரு மணி நேரம் இருப்பேன். மருந்துக் கடை ரசீதையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்து வாருங்கள். அப்பா அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவர்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும். அன்னாபொலிஸில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். கடற்படை மைதானத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து ஷட்டில் பஸ் பிடிக்கலாம். முதல்முறை வருகிறவர்களோடு நானும் வருகிறேன். குழு அறையில் காத்திருக்க நேரமாகும், புளியோதரை கட்டி எடுத்து வருகிறேன்.

பிப்ரவரியில் என்னை அழைத்த அண்ணனுக்கு: இதைப் படிக்கிறீர்கள் என்றால், அப்பா இப்போது தினமும் மாத்திரை போடுகிறாரா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
பால்டிமோரில் படிக்கும் உங்கள் கோவில்பட்டிப் பெண்